அரை வாக்கியம் பின்னால்

பிற்பகல் இரண்டு மணி பத்து நிமிடத்துக்குப் பெனடிக்ரா தன் மைக்கைத் திறந்து, ஜனாதிபதி தன் மைத்துனரைத் துறைமுகத்துக்குத் தலைவராக்கியது எந்தத் தகுதியில் என்று காட்டமாகக் கேட்டாள். உண்மையில் கேட்டவர் கீழே சபையில் நின்ற எதிர்க்கட்சி உறுப்பினர் ரூபசேன. அவர் சிங்களத்தில் கேட்டதை மாடியில் கண்ணாடி அறைக்குள் இருந்து தமிழில் கேட்பது அவள் உத்தியோகம். கேட்கும்போது 'அவர் கேட்கிறார்' என்று சொல்லக்கூடாது, 'நான் கேட்கிறேன்' என்றுதான் சொல்லவேண்டும், உரைபெயர்ப்பாளர்களுக்கு அது முதல் விதி. அந்த விதிப்படி அவள் பதினாறு வருடமாக எத்தனையோ பேராக இருந்துவிட்டாள். இன்று காலையில் மட்டும் மீன்பிடி அமைச்சராக இருந்து கண்ணீர் விட்டிருக்கிறாள், சபாநாயகராக இருந்து ஏழு தடவை 'அமருங்கள், கௌரவ உறுப்பினரே' என்றிருக்கிறாள், யாரோ ஒரு பின்வரிசைக்காரராக இருந்து இன்னொருவரைக் குரங்கு என்று சொல்லிவிட்டு அதே மூச்சில் வாபஸும் வாங்கியிருக்கிறாள். வீட்டுக்குப் போனால் மகள் டிலோஷினி, 'அம்மா இண்டைக்கு எத்தனை அமைச்சர்?' என்றுதான் கதவைத் திறப்பாள். இரண்டாவது விதி, பேசுபவருக்கு அரை வாக்கியம் பின்னால் வரவேண்டும். முன்னால் ஓடக்கூடாது. சிங்களத்திலும் தமிழிலும் வினைச்சொல் கடைசியில்தான் வந்து உட்காரும், அதனால் பழகிய காதுக்கு ஒரு வாக்கியம் எங்கே போய் முடியும் என்பது பாதியிலேயே தெரிந்துவிடும், தெரிந்ததும் நாக்குத் துறுதுறுக்கும். அப்படித் துறுதுறுத்த புதுப்பையன் ஒருவன் முந்தின வருடம் வரவுசெலவுத் திட்டத்தை 'ஆதரிக்கிறேன்' என்று சொல்லி முடித்துவிட்டான், பேசியவரோ ஒரு மூச்சு விட்டு 'எதிர்க்கிறேன்' என்றார். அவனைச் சபைப் பேச்சுகளை எழுதிப் பதியும் ஹன்சார்ட் பகுதிக்கு அனுப்பிவிட்டார்கள். பெனடிக்ராவுக்கு அப்படி ஒரு நாளும் நடந்ததில்லை, அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. புது ஜனாதிபதி பதவிக்கு வந்து மூன்று கிழமை, அவருடைய நூறு நாள் திட்டத்துக்கும் அவர் போட்ட ஆட்களுக்கும் இன்று விவாதம். ஆளுங்கட்சிக்காரர் எழுந்தால் எல்லாரும் மேதைகள், எதிர்க்கட்சிக்காரர் எழுந்தால் எல்லாரும் கள்ளர். அவள் இரண்டு பேருக்கும் ஒரே சூட்டில் குரல் கொடுத்துக்கொண்டிருந்தாள், வாய் தன் பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது, மனம் எதிரே விருந்தினர் மாடத்தின் மூன்றாம் வரிசையில் போய் நின்றுவிட்டது.

அங்கே அந்த மனிதர் இருந்தார். இராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்ற கேணல் அபேதீர. வெள்ளைச் சட்டை, மடித்துவிட்ட கை, மணிக்கூடு வலது கையில். அவளுடைய கண்ணாடிக்கும் அவருக்கும் நடுவில் சபையின் கிணறு போன்ற வெளி, அவ்வளவுதான், கத்தினால் கேட்கும், கண்ணாடி இல்லாவிட்டால். மற்ற விருந்தினர்கள் சிங்களம் விளங்குகிறவர்கள், கொடுத்த ஹெட்போனைத் தொடவில்லை. அவர் மட்டும் இடது காதில் மாட்டியிருந்தார், வலது காதைத் திறந்து வைத்திருந்தார். ஒரு காதில் சபை, மறு காதில் அவள். இவருக்கு எதற்குத் தமிழ்? இவருக்குத் தமிழ் தெரியும் என்பது அவளுக்குத் தெரியும், நல்ல தமிழ், சந்தையில் பேரம் பேசிக் கற்ற தமிழ் இல்லை, ஆட்களைக் கேள்வி கேட்டுக் கேட்டுத் தேய்த்தெடுத்த தமிழ். பழக்கதோஷமாக இருக்கும், சிலருக்கு ஒரு பாஷையில் ஒன்றைக் கேட்டால் மற்றதில் சரிபார்க்காமல் இருக்க முடியாது, அவளும் அந்தச் சாதிதான். அப்படி நினைத்ததும் அவருக்கும் தனக்கும் ஏதோ பொதுவில் இருக்கிறது என்று வந்துவிட, அவள் கண்ணை அவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டாள். வாய் அதற்குள் நூறு நாள் திட்டத்தின் ஒன்பதாம் பிரிவுக்கு, பாடசாலைப் பிள்ளைகளின் மதிய உணவுக்குப் போயிருந்தது. ஒன்பது. பதினேழாவதுதான் அவளுடையது. பதினேழாம் பிரிவின்படி பழைய விசாரணை ஆணைக்குழுக்களின் கோப்புகள் எல்லாம் ஒரே அதிகாரசபைக்குக் கீழ் வரும், அந்த அதிகாரசபைக்குத் தலைவர் இந்த மூன்றாம் வரிசைக்காரர். போன வியாழக்கிழமை பஸ்ஸில் நின்றபடி போனில் அதைப் படித்தபோது அவள் இறங்கவேண்டிய தரிப்பிடம் தாண்டிப் போய்விட்டது. வெள்ளிக்கிழமை மாடிவீட்டுக் காவலாளி சொன்னான், டெலிபோன் கம்பனி ஆட்கள் என்று இரண்டு பேர் வந்து அவள் இருக்கும் நாலாம் மாடியில் யார் யார் குடியிருக்கிறார்கள் என்று கேட்டார்களாம். டெலிபோன் கம்பனி ஆட்கள்தான். நாலாம் மாடியில் இரண்டு வீட்டுக்கு லைன் வேலை செய்யவில்லை, அவளுக்கே தெரியும். ஆனால் அவர்கள் லைனைப் பற்றிக் கேட்கவில்லையாமே, ஆட்களைப் பற்றித்தானே கேட்டார்களாம். அவள் இந்த இடத்துக்கு நாலு நாளாக வந்து வந்து திரும்பிக்கொண்டிருந்தாள்.

பயப்பட ஒன்றுமில்லை என்று அவள் தனக்குச் சொன்னாள், அதையும் ஒரு உரைபெயர்ப்பாகவே சொன்னாள், யாரோ சொல்லி அவள் திருப்பிச் சொல்வது போல. ஆறு வருடத்துக்கு முன், யுத்தத்தின் முடிவில் காணாமற்போனவர்களைப் பற்றிய ஆணைக்குழுவுக்கு, ஒரு ஹோட்டல் மண்டபத்தில் திரைச்சீலைக்குப் பின்னால் இருந்து அவள் சாட்சி சொன்னாள். அவளுக்கு ஓர் இலக்கம் கொடுத்தார்கள், சாட்சி முப்பத்தொன்று. தம்பி றெஜியின் பெயர் எழுத்தில் வந்த இடமெல்லாம் கறுப்பு மையால் அடித்தார்கள், ஊர்ப் பெயரையும் அடித்தார்கள். அவள் முகத்தைப் பார்த்தவர் ஆணைக்குழுத் தலைவரான வயதுபோன நீதிபதி ஒருவர் மட்டும். அவர் அவள் பெயர் எழுதிய ஒற்றைத் தாளை அவள் கண்முன்னாலேயே நாலாகக் கிழித்து, குடித்து மிச்சமிருந்த தேநீருக்குள் போட்டு, கரண்டியால் அமுக்கிவிட்டார். மை கரைந்து தேநீர் நீலமாகப் போனதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நீதிபதியும் போன வருடம் செத்துப்போனார். ஆகவே கேணல் கோப்பைத் திறந்தால் அவருக்குக் கிடைப்பது முப்பத்தொன்று என்ற இலக்கம், ஒரு அக்கா, ஒரு தம்பி, ஒரு முகாம் வாசல். அப்படி அக்காமார் ஆயிரம் பேர் அந்த வாசலில் நின்றார்கள். ஆயிரத்தில் ஒருத்தி என்பதுதான் அவளுக்கு இருந்த ஒரே பாதுகாப்பு. அதை நினைத்து அவள் ஆறுதல் பட்டாள், ஆறுதல் பட்டதற்காக வெட்கமும் பட்டாள், ஏனென்றால் றெஜி ஆயிரத்தில் ஒருவன் இல்லை, அவன் இடது காலில் செருப்பு வார் அறுந்ததை ஊசியால் குத்திப் போட்டிருந்தான், நடக்கும்போது அது டிக் டிக் என்றது, வாசலுக்கு உள்ளே போன பிறகும் கொஞ்ச நேரம் கேட்டது. அதை அவள் சாட்சியத்தில் சொல்லவில்லை. அதை யாருக்கும் சொல்லவில்லை. காஸ் சிலிண்டர் முடியப்போகிறது, இன்று போகும்போது சொல்லிவிட்டுப் போகவேண்டும். டிலோஷினிக்கு இன்று டியூஷன் ஐந்தரைக்கு முடியும், பஸ்ஸில் வராதே ஓட்டோவில் வா என்று காலையில் சொன்னபோது அவள் ஏன் என்று கேட்டாள், பெனடிக்ரா ஓட்டோக் காசை அவள் கையில் திணித்தாள்.

கீழே ரூபசேன ஒவ்வொரு நியமனமாகப் பிடித்து உதறிக்கொண்டிருந்தார். அந்த மனிதருக்கு ஒரு வழக்கம் உண்டு. நல்ல கட்டம் வருவதற்கு முன் பேச்சை நடுவில் நிறுத்தி, தண்ணீர்க் கிளாஸை எடுத்து, தொலைக்காட்சிக் கமரா தன் பக்கம் திரும்பும்வரை சாவகாசமாகக் குடிப்பார். உரைபெயர்ப்பாளர்கள் இதைத் தங்களுக்குள் 'தீர்த்தம்' என்பார்கள். துறைமுகத்துக்குத் தீர்த்தம் குடித்தார், மத்திய வங்கிக்குக் குடித்தார். பிறகு மேசையில் இருந்து ஒரு தாளைத் தூக்கி, பதினேழாம் பிரிவு என்றார். பதினேழாம் பிரிவு, என்றாள் பெனடிக்ரா. இந்த அதிகாரசபைக்கு ஜனாதிபதி கண்டெடுத்த மாணிக்கம் யார் தெரியுமா, இதோ மாடத்தில் இருக்கிறார், தான் நடத்திய முகாமின் கோப்புகளுக்குத் தானே காவல், என்னிடம் ஒரு சாட்சியம் இருக்கிறது, அதை இந்தச் சபையில் வாசிக்கிறேன், சாட்சி முப்பத்தொன்று. அவள் வாய் அரை வாக்கியம் பின்னால் ஒழுங்காக நடந்து வந்து அந்த இலக்கத்தையும் சொல்லி முடித்தது. முடித்த பிறகுதான் அவளுக்கு விளங்கியது. தாள் எப்படி இவருக்குப் போனது? யார் கொடுத்தது? இவருடைய கட்சி ஆண்டபோதுதானே அந்த அறிக்கை அலுமாரிக்குள் போய்ப் பூட்டுப்பட்டது, அப்போது இந்த வாய்க்கு ஒரு மிடறு தண்ணீர் தேவைப்படவில்லையே. இப்போது மட்டும் என் தம்பியைத் தூக்கி ஆட்டுகிறார், கமராவுக்குக் காட்டுகிறார். கோபத்தில் அவள் குரல் ஓரிடத்தில் பிசிறியது. பக்கத்துக் கதிரையில் தன் முறைக்காகக் காத்திருந்த லோகேந்திரன், மலைநாட்டில் ஹட்டன் பக்கத்துப் பிள்ளை, நல்ல மனம், நிமிர்ந்து பார்த்தான். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறவேண்டும், அவனுக்கு இன்னும் ஒன்பது நிமிடம் இருந்தது. அவன் அவள் பக்கம் சரிந்து மெதுவாகச் சொன்னான்.

"தொண்டை கட்டுதாக்கா? நான் எடுத்துக்கிறேன், விடுங்க."

அவள் இருமல் பொத்தானை அமுக்கினாள். அதை அமுக்கிப் பிடித்திருக்கும்வரை மைக் செத்திருக்கும்.

"வேண்டாம் தம்பி. என்ர நேரத்தை நானே முடிக்கிறன்."

கொடுத்திருக்கலாம். அவன் எடுத்திருந்தால் அவள் வெளியே போய் முகம் கழுவியிருப்பாள். ஆனால் அவன் எடுத்தால் அவன்தானே 'நான்' என்று சொல்வான், 'நான் என் தம்பியைக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன்' என்று ஹட்டன் பக்கத்துக் குரலில், தேநீர் நேரத்தை நினைத்துக்கொண்டு, ஒரு பிழையும் விடாமல். அவளால் அதைத் தாங்க முடியவில்லை. பதினாறு வருடமாக ஊரெல்லாருடைய 'நான்'-ஐயும் சுமந்தவள், தன்னுடைய 'நான்' வந்து நிற்கும்போது அதை இன்னொருவனிடம் கொடுப்பதா? பொத்தானை விட்டாள். ரூபசேன வாசித்தார், அவள் பின்னால் போனாள். நான் என் தம்பியைக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். வாசலில் மேசை போட்டிருந்தார்கள். அவள் தமிழில் சொன்னதை அன்று யாரோ சிங்களமாக்கி, அந்தச் சிங்களத்தை இன்று இவர் வாசிக்க, அவள் மறுபடி தமிழாக்குகிறாள். வார்த்தைகள் வெளிநாடு போய்த் திரும்பிய உறவினர் மாதிரி கொஞ்சம் உடுப்பு மாறி வந்தன, முகம் அதே முகம். சரணடைந்தவர்களைப் பதிந்துவிட்டு அன்றே விடுவோம் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். நான் நம்பினேன். இந்த 'நம்பினேன்' என்ற சொல்லைச் சொல்லும்போது அவள் தன் குரலை வழக்கமான அளவிலேயே வைத்திருந்தாள், அதற்கு அவளுக்கு உடம்பெல்லாம் வேர்த்தது. அப்போது ஆளுங்கட்சி வரிசையில் நீதி அமைச்சர் துள்ளி எழுந்து மேசையில் அடித்தார். இது பச்சைப் பொய், இதில் பெயர் எங்கே, முகவரி எங்கே, ஒரு ஓய்வுபெற்ற வீரரை அவமானப்படுத்த எதிர்க்கட்சிக் காரியாலயத்தில் தட்டெழுதிய தாள், சாட்சி முப்பத்தொன்று என்று ஒருவர் இந்த நாட்டில் கிடையவே கிடையாது. கிடையவே கிடையாது, என்று பெனடிக்ரா மேசையில் அடிக்காத குறையாகச் சொன்னாள். அமைச்சர் கோபமாகச் சொன்னால் கோபமாகத்தான் சொல்லவேண்டும். சாட்சி முப்பத்தொன்று என்று ஒருவர் பிறக்கவே இல்லை, நான் சவால் விடுகிறேன். ஆளுங்கட்சி வரிசை சிரித்தது. மாடத்தில் கேணல் சிரிக்கவில்லை, மரியாதையாகக் குனிந்து தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஹெட்போன் இடது காதில்.

பிறக்கவே இல்லை என்று தன் வாயாலேயே சொன்னது அவளுக்குள் எங்கேயோ போய்க் கொளுவிக்கொண்டது, மீனின் முள் போல, விழுங்கினாலும் போகாது, துப்பினாலும் வராது. நான் பிறக்கவில்லை. அப்படியென்றால் அந்த வாசலில் நின்றது யார்? வெயில் பட்ட மேசைத்தகரத்தில் கையை வைத்துச் சுட்டுக்கொண்டது யார்? எனக்குத் தெரியும், இவர் தாளைப் பார்த்து வாசிக்கிறார், எனக்குத் தாள் தேவையில்லை. சபாநாயகர் மணியடித்து அமைதி கேட்டார், அவளும் அமைதி கேட்டாள். ரூபசேன மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து மறுபடி தொடங்கினார், இப்போது அவள் அவருக்கு மிகக் கிட்டவாக வந்துவிட்டிருந்தாள், அரை வாக்கியம் கால் வாக்கியமாகி, இரண்டு சொல்லாகி, குதிக்காலை மிதிக்கும் தூரம். அது அவளுக்குத் தெரியவில்லை. மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி தமிழில் பேசினார். அவர் ஒரு தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார். தம்பிக்குப் பசிக்கிறதா என்று கேட்டு, பழத்தில் பாதியைப் பிரித்து அவன் கையில் கொடுத்தார். றெஜி அதை வாங்கித் திரும்பி அவளைப் பார்த்தான், தின்னலாமா என்று கேட்கிற பார்வை, பத்தொன்பது வயது இளந்தாரி அக்காவிடம் உத்தரவு கேட்டான், அவள் தலையாட்டினாள். அதுவும் தாளில் இல்லை. தாளில் இருந்தது அடுத்த வசனம். ரூபசேன அந்த இடத்துக்கு வந்தார். பழத்தைக் கொடுத்துவிட்டு, அந்தத் தோலை, என்றார். நிறுத்தினார். கிளாஸை எடுத்தார். கமரா திரும்பியது. சபை முழுவதும் ஒரு இருமல்கூட இல்லாமல் அடங்கியது. அந்த அடக்கத்துக்குள் ரூபசேனவின் தொண்டை ஏறி இறங்க, தமிழ் அலைவரிசையில் ஒரு பெண்குரல் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது: அந்தத் தோலை அவர் கீழே போடவில்லை, ஒவ்வொரு துண்டாக மடித்துத் தன் சட்டைப் பைக்குள் வைத்துப் பொத்தானைப் பூட்டினார், அவ்வளவு துப்புரவான மனிதர் பொய் சொல்லமாட்டார் என்று நான் நினைத்தேன்.

அவள் தன் குரலைத் தன் ஹெட்போனில் கேட்டாள். அதற்கு அடியில் சிங்களம் இல்லை. எப்போதும் அடியில் ஓடும் அந்தச் சிங்களம் இல்லாமல் தன் குரல் தனியே நிற்பதைப் பதினாறு வருடத்தில் முதல் தடவையாகக் கேட்டாள். லோகேந்திரன் பென்சிலை வைத்துவிட்டு அவளையே பார்த்தான், கீழே தண்ணீர் குடிக்கும் மனிதரைப் பார்த்தான், மறுபடி அவளைப் பார்த்தான். ரூபசேன கிளாஸை வைத்து, உதட்டைத் துடைத்து, தாளைப் பார்த்து வாசித்தார், அந்தத் தோலை அவர் கீழே போடவில்லை, ஒவ்வொரு துண்டாக மடித்துத் தன் சட்டைப் பைக்குள் வைத்துப் பொத்தானைப் பூட்டினார். 'நினைத்தேன்' வரைக்கும் சொல்லுக்குச் சொல் அதேதான். யார் கவனித்திருப்பார்கள்? தமிழ் உறுப்பினர்கள் பத்துப் பதினைந்து பேர், பாதிப்பேர் சாப்பாட்டுக்குப் போய்விட்டார்கள், மிச்சப்பேர் போன் பார்க்கிறார்கள், இரண்டு காதாலும் இரண்டு பாஷையையும் ஒன்றாகக் கேட்கிற பைத்தியம் யாருக்கு இருக்கிறது? யாருக்கும் இல்லை. ஒருவருக்கும் இல்லை. அவள் மாடத்தைப் பார்க்கக்கூடாது என்று தீர்மானித்தாள். கிளாஸைப் பார்த்தாள், மணிக்கூட்டைப் பார்த்தாள், இரண்டு இருபத்தைந்து, இன்னும் ஐந்து நிமிடம், டிலோஷினி இப்போது இரசாயன வகுப்பில் இருப்பாள், நாலாம் மாடி, டெலிபோன் கம்பனி ஆட்கள், தேநீரில் கரைந்த நீல மை, எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் கடைசியில் மாடத்தைப் பார்த்தாள். கேணல் அபேதீரவின் வலது கை அவர் சட்டைப் பையின் மேல் இருந்தது, தானாகப் போன கை. அவர் சபையைப் பார்க்கவில்லை. சபைக்கு மேலே வரிசையாக இருந்த மூன்று கண்ணாடி அறைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். ஆங்கில அறையில் ஒரு ஆண், அதைத் தாண்டினார். சிங்கள அறையில் யாரும் பேசவில்லை, அதையும் தாண்டினார். மூன்றாவது அறையில் வாய் அசையும் பெண்ணிடம் வந்து நின்றார். அவசரமில்லாமல் ஹெட்போனின் மற்றப் பாதியை எடுத்து வலது காதிலும் மாட்டிக்கொண்டார்.

லோகேந்திரன் கையை மைக்கின் பக்கம் நீட்டினான், இம்முறை கேட்கவில்லை. அவள் தலையசைத்து மறுத்தாள். இப்போது எழுந்து போனால் போனவள் யார் என்ற கேள்வி வந்துவிடும், எழும்பாமல் இருந்தால் மற்ற நாட்களைப் போல ஒரு உத்தியோகத்தி வேலை செய்கிறாள், அவ்வளவுதான் என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள், அதை அவளே நம்பவில்லை. ரூபசேன கடைசி வரியை வாசித்தார். பின்னேரம் வந்து கூட்டிக்கொண்டு போங்கள் என்று அந்த அதிகாரி சொன்னார். அவள் அரை வாக்கியம் பின்னால், இப்போது மிகவும் சரியான தூரத்தில், யாரும் குறை சொல்ல முடியாத தூரத்தில் வந்தாள். பின்னேரம் வந்து கூட்டிக்கொண்டு போங்கள் என்று அந்த அதிகாரி சொன்னார். பயப்பிடாதேங்கோ தங்கச்சி, பின்னேரம் வந்து கூட்டிக்கொண்டு போங்கோ. அப்படித்தான் சொன்னார், அந்தத் தமிழில்தான் சொன்னார், அதையும் நாக்கு நுனியில் வந்தபோது பல்லைக் கடித்துத் தடுத்தாள். ரூபசேன உட்கார்ந்தார், அவர் பக்கத்தில் கை தட்டினார்கள். நீதி அமைச்சர் மறுபடி எழுந்தார், குரல் இறங்கியிருந்தது, பெருந்தன்மையாகச் சிரித்துக்கொண்டு பேசினார். பெனடிக்ரா அவருடைய ஒவ்வொரு சொல்லையும் கைகூப்பாத குறையாகப் பற்றிக்கொண்டாள். சற்று முன் முள்ளாகக் குத்திய அதே சொல் திரும்பி வந்துகொண்டிருந்தது, இந்த முறை அதைப் போல இனிமையான ஒன்று அவளுக்கு வேறு இருக்கவில்லை, அதை அவர் நூறு தடவை சொல்லவேண்டும், சபை நம்பவேண்டும், மாடம் நம்பவேண்டும். அமைச்சர் சொன்னார், அவள் காத்திருந்து, அளவான குரலில், வினைச்சொல் வந்து உட்கார்ந்த பிறகே சொன்னாள்.

"கௌரவ சபாநாயகர் அவர்களே, நான் மீண்டும் சொல்கிறேன். அப்படி ஒரு சாட்சி இல்லை."

மூன்றாம் வரிசையில் கேணல், இரண்டு காதிலும் அவள் குரலை வைத்துக்கொண்டு, அவளைப் பார்த்துச் சிரித்தார்.